என் காசு சார், இவங்களுக்கு என்ன?

போன இதழ்ல ஒரு பதில்ல "ரிஸ்க் ஜாஸ்தியான ஃபண்டை எல்லாம் சின்ன ஆளுங்களுக்கு பூட்டி வைக்கிறது எனக்கு முழுசா ஒப்புதல் இல்ல"ன்னு போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். அவ்ளோதான், புதுச்சேரி பக்கம் கடலூர் பக்கம் ரெண்டுல இருந்தும் கேள்வியா கொட்டிடுச்சு. பாதி பேர் கை குடுக்குறாங்க, பாதி பேர் "வயசானவங்க பென்ஷன் காச தெருவுல விடப் பாக்குறியா"ன்னு காய்ச்சுறாங்க. அதனால இந்த தடவ வேற கேள்வி எதுவும் எடுக்கல, வரி, வீட்டு லோன் எல்லாம் அடுத்த இதழ்ல. பேர் போட வேணாம்னு நெறய பேர் கேட்டுக்கிட்டதால யாரு பேரும் போடல, ஊரு மட்டும்தான்.

கேள்வி: நான் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில ஷிஃப்ட் இன்ஜினியர். 12 வருஷமா மார்க்கெட்ல இருக்கேன், ஆனுவல் ரிப்போர்ட் படிப்பேன், பேலன்ஸ் ஷீட் புரியும். ஷேர், ஃபண்டு எல்லாம் சேத்து 6 லட்சம் வச்சிருக்கேன். புதுசா வந்த எஸ்ஐஎஃப்ங்கற ஸ்பெஷல் ஃபண்டுல 2 லட்சம் போடலாம்னு பாத்தா 10 லட்சம் இருந்தாதான் உள்ள விடுவாங்களாம். நமக்குன்னு தனியா ஒரு மேனேஜர் காச நடத்துற பிஎம்எஸ்னா 50 லட்சம், பெரிய ஆளுங்களுக்கான தனியார் ஃபண்டு ஏஐஎஃப்னா 1 கோடி. நைட் ஷிஃப்ட் பாத்து சம்பாதிச்ச என் காசு சார், போனா எனக்குத்தானே போகுது, மார்க்கெட்ட கண்காணிக்கிற செபிக்கு என்ன?
(கடலூர் முதுநகர்)

பதில்: தம்பி, போன வருஷம் பாகூர்ல இருந்து ஒருத்தர் வந்தாரு. அப்பா விட்டுட்டுப் போன நிலம் ரோட்டோரமா மாட்டுனதால நல்ல விலைக்கு போச்சு, கைல 1 கோடியே 20 லட்சம். உக்காந்து டீ குடிச்சுட்டு அவரு கேட்ட மொத கேள்வி, "ஷேருக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் என்னா சார் வித்தியாசம்?" தெரியாதத கேட்டாரு, அதுல தப்பே இல்ல. ஆனா ரூல் படி அவரு அன்னைக்கு சாயங்காலமே ஏஐஎஃப்ல 1 கோடிக்கு கையெழுத்து போடலாம், 12 வருஷம் பேலன்ஸ் ஷீட் பொரட்டுன நீங்க 2 லட்சத்த எடுத்துக்கிட்டு எஸ்ஐஎஃப் வாசல்ல நிக்கணும். ரூலு பாக்குறது பர்ஸோட கனத்தத்தான். உங்க கோவத்துல பாதி அங்கயே நியாயமாயிடுச்சு.

மீதி பாதிக்கு வர்றேன். பர்ஸ ஏன் அளக்குறாங்கன்னா, ஏஐஎஃப்ல மொத ரெண்டு கேட்டகரியும் மூடுன ஃபண்டு, கொறஞ்சது 3 வருஷம், நடைமுறைல அதுக்கும் மேல இழுக்கும், நடுவுல அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ்னு போய் நின்னா கதவு தொறக்காது. 5 கோடி இருக்கறவரு அதுல 1 கோடிய மாட்டி வச்சுட்டு மிச்சத்துல குடும்பத்த ஓட்டிடுவாரு, மொத்தமே 6 லட்சம்தான்னா நெலம வேற. இன்னொன்னு, எஸ்ஐஎஃப்ங்கறது 2025 ஏப்ரல்ல இருந்து நடைமுறைக்கு வந்தது, மியூச்சுவல் ஃபண்டுக்கும் பிஎம்எஸ்சுக்கும் நடுவுல போட்ட ஒரு திண்ணை மாதிரி, அதுல ஃபண்டு மேனேஜர் 25 சதவீதம் வரைக்கும் டெரிவேட்டிவ்ல ஷார்ட் போகலாம், அதாவது விலை எறங்கும்னு பந்தயம் கட்டலாம், சாதா ஃபண்டுல அந்த பேச்சே கெடையாது. புதுசு, ஓடிப் பாத்த சரித்திரம் இல்ல. அதனால மொதல்ல அடி வாங்குனா தாங்கக்கூடியவங்க உள்ள போகட்டும்னு நெனச்சிருக்காங்க. அது புரியுது.

ஆனா வேடிக்கைய பாருங்க. அதே 6 லட்சத்த நாளைக்கு காலைல 9.15க்கு மொபைல எடுத்து ஒரே ஒரு பென்னி ஸ்டாக்ல மொத்தமா கொட்டலாம், எவனும் ஏன்னு கேக்க மாட்டான், ஓடிபி மட்டும் கேப்பான். பத்து பேர் படிச்சு ஆராஞ்சு நடத்துற ஃபண்டுக்கு வேலி, வாட்ஸப்ல வந்த டிப்ஸுக்கு வேலி கெடையாது. வேலிய எங்க போடணுமோ அங்க போடலன்னுதான் எனக்கு தோணுது.

நம்ம பக்கத்துல ரிஸ்க்னா என்னான்னு பண்ருட்டிக்காரங்கள கேளுங்க. 2011 டிசம்பர் 30 விடியகாலைல தானே புயல் வந்து முந்திரித் தோப்பு, பலாத் தோப்பு எல்லாத்தையும் வேரோட சாச்சுட்டு போச்சு, நான் அடுத்த வாரம் அந்தப் பக்கம் போனப்ப ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் மரம் எல்லாம் ஒரே திசைல படுத்துக் கெடக்குது, ஒரு பெரியவர் சாஞ்ச பலா மரத்து மேலயே உக்காந்து பீடி புடிச்சுட்டு இருந்தாரு. திரும்ப நட்டாங்க. "நீ 10 லட்சம் வச்சிருந்தாத்தான் முந்திரி நடலாம்"னு எந்த ஆபீசரும் வந்து சொல்லல. முதுநகர் துறைமுகத்துல நகைய அடகு வச்சு மீன்புடி படகு வாங்குறவரையும் யாரும் நிறுத்தல. அப்ப ஃபண்டுக்கு மட்டும் ஏன்?

இத ரொம்ப நாள் மனசுல போட்டு உருட்டிக்கிட்டு இருந்தேன். முந்திரி நட்டவருக்கு மண்ணு தெரியும், மரம் தெரியும், தாத்தா காலத்து பொயல் கதை வரைக்கும் தெரியும். முக்கியமா அந்த முந்திரிக் கன்ன யாரும் அவருகிட்ட கமிஷனுக்காக "ஐயா இது எஃப்டி மாதிரி"ன்னு சொல்லி விக்கல. ஃபண்டு அப்டி இல்ல. உள்ள என்ன இருக்குன்னு விக்கிறவனுக்கு கொஞ்சம் தெரியும், வாங்குறவங்களுக்கு ஒரு பளபள பிரவுச்சர், அதுல ஒரு குடும்பம் பீச்ல சிரிச்சுட்டு ஓடுது. அதனால என் கட்சி இதுதான் தம்பி: வாங்குறவங்க கைய கட்டாதீங்க, விக்கிறவன் வாயக் கட்டுங்க.

சும்மா கைய கட்டுனா என்ன ஆகும்னு நமக்கு சொல்லித் தரணுமா, புதுச்சேரி எல்லைல முள்ளோடை சாராயக் கடைய பாத்து வளந்த ஊரு இது. ஒரு பக்கம் சரக்கு வெல ஜாஸ்தி, இன்னொரு பக்கம் கம்மி, ஆல்பேட்டைல செக்போஸ்ட் போட்டு எவ்ளோ வருஷமா சோதனை நடக்குது, தாகம் எடுத்தவன் வழி கண்டுபிடிச்சு போய்க்கிட்டேதான் இருக்கான். ரிஸ்க் எடுக்கணும்னு முடிவு பண்ணவனும் அப்டித்தான், நேரான கதவ சாத்துனா சைடுல எவனோ ஒருத்தன் ரசீது கூட இல்லாம வாங்கிக்க தயாரா உக்காந்திருக்கான்.

என்ன கேட்டா ஒரு பரீட்சை வச்சுட்டு விடலாம். செபியும் அதோட பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம்மும் சேந்து இன்வெஸ்டர் சர்டிஃபிகேஷன்னு இலவசமாவே ஒரு பரீட்சை நடத்துறாங்க, ஆன்லைன்ல எழுதலாம், ஆனா பாஸ் பண்ணா ஒரு சர்டிஃபிகேட்தான், அத காட்டி எஸ்ஐஎஃப் கதவ தட்ட முடியாது. பெரிய ஆளுன்னு அங்கீகாரம் வாங்கிட்டா இந்த 10 லட்சம் கணக்கு கெடையாது, ஆனா அந்த அக்ரெடிடட் இன்வெஸ்டர் அங்கீகாரத்துக்கு வருஷ வருமானம் 2 கோடி இருக்கணும், இல்ல சொத்து ஏழரை கோடி இருந்து அதுல பாதி ஷேர் டெபாசிட் மாதிரி நிதிச் சொத்தா இருக்கணும், இல்ல வருமானம் 1 கோடியும் சொத்து 5 கோடியும் இருந்து அந்த சொத்துலயும் பாதி நிதிச் சொத்தா இருக்கணும். மறுபடியும் பர்சுதான். அமெரிக்காவுல கூட 2020ல கொஞ்சம் மனசு மாறி, சில குறிப்பிட்ட லைசென்ஸ் பரீட்சை பாஸ் பண்ணி லைசென்ஸ் வச்சிருந்தா பணம் இல்லன்னாலும் அக்ரெடிடட்தான்னு சேத்துக்கிட்டாங்க. இங்கயும் வரட்டும், வர்ற வரைக்கும் நீங்க நைட் ஷிஃப்ட் டீ நேரத்துல அந்த இலவச பரீட்சைய எழுதி வைங்க, நஷ்டம் இல்ல.

உங்க 2 லட்சத்துக்கு நேரடி பதில்: ரிஸ்க்தான் வேணும்னா சின்ன கம்பெனி ஷேர்ல போடுற ஸ்மால் கேப் ஃபண்டுல 500 ரூபால இருந்தே கதவு தொறந்திருக்கு, 2024ல இருந்து ஸ்மால் கேப், மிட் கேப் ஃபண்டு எல்லாம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ரிசல்ட் போடுறாங்க, நெருக்கடி வந்தா கைல இருக்குற ஷேர்ல கால்வாசிய, பாதிய விக்க எத்தன நாள் ஆகும்னு அதுல இருக்கும். உங்கள மாதிரி படிக்கிற ஆளுக்கு அதுதான் சரியான தீனி.

கேள்வி: ரிஸ்கோமீட்டர்ல எந்த ஷேர் ஃபண்ட பாத்தாலும் முள்ளு "மிக அதிகம்"லயே நிக்குது. நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டும் மிக அதிகம், ஸ்மால் கேப்பும் மிக அதிகம். மீட்டர் ரிப்பேரா?
(வில்லியனூர்)

பதில்: ரிப்பேர் இல்ல, கோடு பத்தல. 2021 ஜனவரில இருந்து ஆறு படி வச்சிருக்காங்க, ஷேர் ஃபண்டு பெரும்பாலும் எல்லாம் கடைசி படில போய் உக்காந்துடுது. அந்தக் காலத்து திருவள்ளுவர் பஸ்ல ஸ்பீடோமீட்டர் முள்ளு எப்பவும் ஒரே எடத்துல நிக்குமே, ட்ரைவர் அத பாத்தா ஓட்டுவாரு, ரோட்டத்தான் பாப்பாரு. நீங்களும் அந்த ஃபண்டு 2008லயும் 2020 மார்ச்லயும் எவ்ளோ விழுந்துச்சுன்னு பாருங்க. கடன் பத்திரத்துல போடுற பாண்டு ஃபண்டுக்கு மட்டும் அந்த முள்ளு கொஞ்சம் உபயோகம், அங்க நகருது, மாசா மாசம் மாத்திப் போடுறாங்க.

கேள்வி: நான் ரிடையர்டு டீச்சர், வயசு 63. பென்ஷன் வர்ற பேங்க்ல ஒரு பொண்ணு, ரொம்ப மரியாதையா பேசும், "டீச்சர் இது எஃப்டி மாதிரியே, ஒன்றரை சதவீதம் ஜாஸ்தி"ன்னு சொல்லி கையெழுத்து வாங்கிடுச்சு. இப்ப பையன் பாத்துட்டு இது எஃப்டியே இல்லன்னு சத்தம் போடுறான். நீங்க வேற ரிஸ்க்கு சுதந்திரம்னு எழுதுறீங்க, எனக்கு அந்த சுதந்திரம் வேணாம் சார்.
(லாஸ்பேட்டை)

பதில்: டீச்சர், உங்ககிட்ட திட்டு வாங்குறது எனக்கு ஸ்கூல் ஞாபகம் வருது, வாங்கிக்கிறேன். மொதல்ல அது என்ன பேப்பர்னு பாக்கணும். இன்சூரன்ஸ் பாலிசியா இருந்தா, பாலிசி கைக்கு வந்த நாள்ல இருந்து 30 நாளுக்குள்ள வேணாம்னு எழுதிக் குடுத்து திருப்பலாம், இன்னைக்கே எழுதுங்க. ஃபண்டா இருந்தா எக்ஸிட் லோடு, அதான் வெளிய வர்றப்ப புடிக்கிற கட்டணம், எவ்ளோன்னு பாத்துட்டு வெளிய வந்துடலாம். பாண்டா இருந்தா பேரு, ரேட்டிங், முடியிற தேதி மூணையும் அனுப்புங்க, முடியிற தேதியே இல்லன்னா ஒடனே அனுப்புங்க.

அது ஏன்னு சொல்றேன். ஏடி1 பாண்டுன்னு ஒன்னு இருக்கு, பேங்க் தன் மூலதனத்துக்காக வெளியிடுறது, முடியிற தேதி கெடையாது, பேங்க்குக்கு கஷ்டம் வந்தா வட்டிய நிறுத்தலாம், அசலையே அழிச்சுடலாம், பேப்பர்ல அப்டித்தான் போட்டிருக்கும். 2020 மார்ச்ல யெஸ் பேங்க் தடுமாறி ரிசர்வ் பேங்க் தலையிட்டப்ப 8,415 கோடி ரூபா ஏடி1 பாண்டு அப்டியே பூஜ்யம் ஆச்சு. அத வாங்குனவங்கள்ல சாதாரண தனி நபர்களும் இருந்தாங்க, "சூப்பர் எஃப்டி"ன்னு சொல்லி வித்திருக்காங்கன்னு செபி விசாரணைல வந்துச்சு, விவகாரம் கோர்ட்டுக்கும் போச்சு. அதே வருஷம் அக்டோபர்ல செபி என்ன பண்ணுச்சுன்னா இந்த மாதிரி பாண்டுக்கு கொறஞ்சபட்சம் 1 கோடின்னு ஏத்திடுச்சு. உங்கள மாதிரி ஆளுக்கு அது நல்ல வேலிதான், ஒத்துக்கறேன். ஆனா அங்க குத்தம் பாண்டு மேலயா டீச்சர், "எஃப்டி மாதிரி"ங்கற அந்த ரெண்டு வார்த்த மேலயா?

அந்த ஃபார்ம் எப்டி இருக்கும்னு எனக்கு தெரியும். 14 எடத்துல பென்சில்ல சின்னதா ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கும், "இங்க, இங்க, அப்பறம் இங்க"ன்னு விரல் நகந்துக்கிட்டே போகும், பக்கத்த திருப்புறது அந்தப் பொண்ணு, கையெழுத்து மட்டும் நீங்க. "நான் ரிஸ்க்க புரிஞ்சுக்கிட்டேன்"ங்கற வரி ஒன்பதாவது பெருக்கல் குறிக்கு மேல இருக்கும், இங்கிலீஷ்ல, எறும்பு சைஸ்ல. 35 வருஷம் பசங்கள வரி விடாம படிக்க வச்ச உங்களையே படிக்காம கையெழுத்து போட வச்சிருக்காங்க.

நான் மட்டும் ஒழுங்கான்னு கேட்டா இல்ல. முதலியார்பேட்டைல ஒரு அம்மா, வீட்டுக்காரர் போனதும் வந்த பணத்த கடன் பத்திரத்துல போடுற ஒரு டெட் ஃபண்டுல போட்டு விட்டது நான்தான், பேர்லயே "அல்ட்ரா ஷார்ட்"னு இருந்துச்சு, பேங்க விட கொஞ்சம் ஜாஸ்தி வரும்மா, எப்ப வேணாலும் எடுக்கலாம்மான்னு சொன்னதும் நான்தான். 2020 ஏப்ரல் 23, ஊரடங்கு நேரம், அந்த ஃபண்டு கம்பெனி தன்னோட ஆறு ஸ்கீம ஒரே நாள்ல பூட்டிடுச்சு, மொத்தம் 25,000 கோடிக்கு மேல மாட்டிக்கிச்சு. அந்த அம்மா மாசா மாசம் ஃபோன் பண்ணுவாங்க, திட்ட மாட்டாங்க, "பூட்டு தொறந்தாங்களா தம்பி?"ன்னு மட்டும் கேப்பாங்க. 2021 பிப்ரவரில மொத தவணை வந்துச்சு, அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா முழுப் பணமும் வந்துடுச்சு, கணக்குப் படி நஷ்டம் இல்ல. ஆனா அந்த இடைல மூட்டு ஆபரேஷன தள்ளிப் போட்டாங்க, இப்பவும் மாடிப்படி எறங்குறப்ப சொவத்த புடிச்சுக்கிட்டுதான் எறங்குறாங்க. அதுல இருந்து நான் "மாதிரி"ங்கற வார்த்தைய ஆபீஸ்ல சொல்றதயே விட்டுட்டேன்.

உங்களுக்கு வேண்டியது ரொம்ப சிம்பிள்: போஸ்ட் ஆபீஸ் சீனியர் சிட்டிசன் ஸ்கீம், 30 லட்சம் வரைக்கும் போடலாம், 2023 ஏப்ரல்ல இருந்து 8.2 சதவீதம், மூணு மாசத்துக்கு ஒரு தடவ வட்டி. பேங்க்ல வச்சா வட்டியோட சேத்து ஒரு பேங்க்குக்கு 5 லட்சம் வரைக்கும் இன்சூரன்ஸ், அத மீறாம பிரிச்சு வைங்க. பையன ரொம்ப சத்தம் போட வேணாம்னு சொல்லுங்க.

கேள்வி: அண்ணே, நான் ஆப்ஷன் ட்ரேடிங் பண்றேன், வயசு 24. ஒன்றரை வருஷத்துல 1,80,000 போச்சு, இன்னும் ஒரு பர்சனல் லோன் போட்டா ரெக்கவர் பண்ணிடுவேன். ஆனா செபி லாட் சைஸ, அதான் ஒரு தடவைக்கு கொறஞ்சது எவ்ளோ வாங்கணுங்கற அளவ, ஏத்தி சின்ன ஆளுங்கள வெளிய தள்ளுது. சுதந்திரம் பத்தி எழுதுனீங்களே, இத எழுதுங்க.
(திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: அந்த லோன போடாதடா தம்பி. நீ இத படிச்சு முடிக்கிறதுக்குள்ள அந்த லோன் ஆப்ப மொபைல்ல இருந்து எடுத்துடு, அப்பறம் மீதிய பேசலாம்.

எடுத்தாச்சா? சரி. செபி 2024 செப்டம்பர்ல ஒரு கணக்கு போட்டுச்சு, அதுக்கு முன்னாடி மூணு நிதியாண்டுல எஃப் அண்ட் ஓ (ஃப்யூச்சர், ஆப்ஷன்) பண்ண தனி நபர் ஒரு கோடிக்கு மேல, அதுல 93 சதவீதம் பேர் நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல, தோத்தவங்களுக்கு ஆளுக்கு சராசரி 2 லட்சம். உன் 1,80,000 அந்த சராசரிக்கு கிட்டத்தட்ட சரியா வருது பாரு. நஷ்டப்பட்டவங்கள்ல முக்கால்வாசிக்கு மேல விடாம தொடந்து ஆடுனாங்களாம், உன்ன மாதிரியே. அந்தப் பக்கம் லாபத்த அள்ளுனது தன் சொந்தக் காசுலயே ட்ரேடிங் பண்ற பெரிய ப்ராப்ரைட்டரி கம்பெனிங்களும் வெளிநாட்டு ஃபண்டுகளும், அதுவும் பெரும்பாலும் அல்கோ, கம்ப்யூட்டரே ஆர்டர் போடுது. நீ மஞ்சக்குப்பம் மைதானத்துல டென்னிஸ் பால் கிரிக்கெட் ஆடுனவன், அவன் பவுலிங் மெஷின எதிர் பக்கம் வச்சிருக்கான்.

2024 நவம்பர்ல இருந்து புது இண்டெக்ஸ் கான்ட்ராக்ட் 15 லட்சத்துக்கு கொறையாம இருக்கணும்னு ஆக்குனாங்க, நிஃப்டி லாட் 25ல இருந்து 75க்கு போச்சு, வாரா வாரம் முடியிற கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்சுக்கு ஒன்னுதான்னு சுருக்கிட்டாங்க. அதுக்கு அப்பறமும் அந்த 2024-25 நிதியாண்டு கணக்குல 91 சதவீதம் பேர் நஷ்டம்தான், 1 லட்சம் கோடிய தாண்டுச்சு.

இங்க என் கட்சி கொஞ்சம் ஆடுது, மறைக்கல. இன்ஜினியர் தம்பிக்கு கதவ தொறங்கன்னு சொன்னவன் உனக்கு மட்டும் சாத்துங்கன்னு சொன்னா எப்டின்னு நீ கேப்ப. வித்தியாசம் என்னான்னா ஃபண்டுல போட்ட காசுதான் போகும், ஆப்ஷன் விக்கவோ ஃப்யூச்சர்ல எறங்கவோ ஆரம்பிச்சா போடாத காசும் போகும். 2020 ஏப்ரல்ல அமெரிக்கால கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்கு கீழ போச்சே, இங்க எம்சிஎக்ஸ் கமாடிட்டி சந்தைல பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபான்னு செட்டில் பண்ணாங்க, விலை ஏறும்னு வாங்கி வச்சவன் எண்ணெய்யும் குடுத்து காசும் குடுத்த கத. அந்த மாதிரி எடத்துல வேலி இருக்கட்டும்னுதான் சொல்வேன். லாட் ஏத்துறதுதான் சரியான வேலியான்னு கேட்டா சந்தேகம்தான், உன்ன மாதிரி பசங்க நிறுத்தாம மூணு மடங்கு பெருசா ஆடுறத என் கண்ணாலயே பாக்குறேன்.

வீட்ல சொல்லிட்டியா? எழுதல நீ. அம்மாகிட்டயாவது சொல்லு.

கேள்வி: என் தம்பி பாரீஸ் பக்கத்துல இருக்கான், பிரெஞ்சு நேஷனாலிட்டி. அமெரிக்கன் ஈடிஎஃப், அதான் ஷேர் மாதிரி மார்க்கெட்ல வாங்குற ஃபண்டு, வாங்கப் போனா ஆப்ல "உங்க நாட்டுல அனுமதி இல்ல"ன்னு வருதாம். ஊரு பூரா சுதந்திரம் சமத்துவம்னு எழுதி வச்சிருக்கற நாட்டுலயேவா?
(முத்தியால்பேட்டை)

பதில்: பிரெஞ்சு பட்டாளத்துல இருந்து சொல்தா பென்ஷன் வாங்குற தாத்தாக்கள் இருக்கற ஊர்ல இந்தக் கேள்வி வரலன்னாதான் ஆச்சரியம். அங்க ப்ரிப்ஸ்னு ஒரு ஐரோப்பிய சட்டம் 2018 ஜனவரி 1ல இருந்து இருக்கு. சாதாரண முதலீட்டாளருக்கு விக்கிற எந்த ஃபண்டுக்கும் கிட்ன்னு ஒரு பேப்பர் இருக்கணும், மூணு பக்கத்துக்கு மேல போகக்கூடாது, ரிஸ்க் 1ல இருந்து 7 வரைக்கும் நம்பர், செலவு எவ்ளோ, மோசமா போனா எவ்ளோ மிஞ்சும், எல்லாம் அந்த நாட்டு ஜனங்களுக்கு புரியிற பாஷைல. அமெரிக்க ஈடிஎஃப் கம்பெனிங்க அந்த பேப்பர தயார் பண்றதில்ல, அவங்க ஊரு ரூலே வேற, அதனால ப்ரோக்கர் விக்க முடியாது. பேப்பர் இல்லாததுதான் தடை, ஃபண்டு ரொம்ப ஆபத்துன்னு யாரும் சொல்லல.

கூத்து என்னன்னா உங்க தம்பி தனி அமெரிக்க கம்பெனி ஷேர எவ்ளோ வேணாலும் வாங்கலாம், 500 கம்பெனிய ஒன்னா கட்டுன ஈடிஎஃப்தான் வாங்க முடியாது. அதே எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸுக்கு அயர்லாந்துல பதிவான, ஐரோப்பிய ரூல் படி நடக்குற யூசிட்ஸ் ஈடிஎஃப் இருக்கு, அதுக்கு பேப்பர் உண்டு, அத தேடச் சொல்லுங்க. பிஇஏங்கற பிரெஞ்சு வரிச்சலுகை முதலீட்டு அக்கவுண்ட் வச்சிருந்தா அதுக்குள்ள போடுறதுக்கு ஏத்த ஈடிஎஃப்பும் இருக்கு, 5 வருஷம் தாண்டுனா வரில லாபம். பேங்க்ல விசாரிக்கட்டும்.

எரிச்சலான ரூல்தான். ஆனா எனக்கு அந்த மூணு பக்க பேப்பர் மேல கொஞ்சம் பொறாமை. என் டேபிளுக்கு வர்ற ஸ்கீம் டாக்குமெண்ட் 100 பக்கத்துக்கு மேல, இங்கிலீஷ், நானே முழுசா படிச்சது கம்மி. லாஸ்பேட்டை டீச்சருக்கு தமிழ்ல மூணு பக்கம் கைல குடுத்திருந்தா அவங்க செவப்பு மையில தப்ப சுழிச்சு அந்தப் பொண்ணுகிட்டயே திருப்பி குடுத்திருப்பாங்க.

கேள்வி: அந்தக் காலத்துல யூடிஐயோட யூனிட் 64 ஃபண்டுல போட்டோம், கவர்மெண்ட்டே நடத்துச்சு, நிம்மதியா இருந்தோம். இப்ப ரூலு ஜாஸ்தி, பயமும் ஜாஸ்தி. அரசாங்கமே நடத்துனா என்ன?
(ரிடையர்டு மில் தொழிலாளி, புதுச்சேரி)

பதில்: ஐயா, கடைசி வரைக்கும் இருந்தீங்களான்னு எழுதலயே. 1964ல ஆரம்பிச்சது, ரொம்ப வருஷம் யூனிட்டுக்கு என்ன விலைன்னு அவங்களே அறிவிப்பாங்க, உள்ள இருக்குற சொத்தோட நெசமான மதிப்புக்கும் அதுக்கும் சம்பந்தம் இருந்தாக வேண்டியதில்ல, மத்த ஃபண்டு மாதிரி தினமும் என்ஏவி, அதான் யூனிட்டோட நெச மதிப்பு, போடுறது கெடையாது. 2001 ஜூலைல ஆறு மாசத்துக்கு வாங்குறதும் விக்கிறதும் நிறுத்தம்னு சொன்னாங்க, எங்க மாமா பேப்பர கைல வச்சுக்கிட்டு வாசத் திண்ணைல உக்காந்தவரு மத்தியானம் சாப்பாட்டுக்கு கூட உள்ள வரல. அப்பறம் அரசாங்கம் தலையிட்டு காப்பாத்துச்சு, நம்ம எல்லார் வரிப்பணத்துலயும். அப்ப நிம்மதியா இருந்தோம்னா அது முள்ளே இல்லாத மீட்டர் ஐயா.

கேள்வி: டெலிகிராம்ல ஒரு குரூப்பு, தினம் 1 சதவீதம் தர்றாங்க, மூணு மாசமா எனக்கு கரெக்டா வந்துருச்சு. செபி ரெஜிஸ்டர் இல்ல, ஆனா வருது. இத மட்டும் ஏன் திட்டுறீங்க?
(அரியாங்குப்பம்)

பதில்: உங்களுக்கு வர்றது உங்களுக்கு பின்னாடி சேந்தவர் போட்ட காசு. இன்னைக்கே அசல கேட்டுப் பாருங்க, என்ன பதில் வருதுன்னு தெரிஞ்சுடும். மூணு மாசம் வாங்குன ஸ்கிரீன்ஷாட், அனுப்புன யூபிஐ நம்பர் எதையும் அழிக்காதீங்க. புதுச்சேரில டெபாசிட்தாரர் பாதுகாப்புக்கு 2004லயே சட்டம் இருக்கு, தமிழ்நாட்டுல 1997லயே, மத்திய அரசு 2019ல இன்னொன்னு போட்டுச்சு, எல்லாம் காசு போன பிறகு ஓடுற வண்டி, முன்னாடி போய் மறிக்கிறது அபூர்வம். நான் வாங்குறவங்க சுதந்திரம் பேசுறது பேரும் விலாசமும் கணக்கும் இருக்குற எடத்துக்கு. மச்சான சேத்து விட்டிருக்கேன்னு எழுதியிருக்கீங்களே, மொதல்ல அவர வெளிய எடுங்க.

கேள்வி: எல்லாருக்கும் சொல்றீங்க, உங்க சொந்தக் காசு எதுல சார் இருக்கு?
(கடலூர் மஞ்சக்குப்பம்)

பதில்: பெரும்பாலும் போரடிக்கிற இண்டெக்ஸ் ஃபண்டு, கொஞ்சம் போஸ்ட் ஆபீஸ், ரெண்டு ஸ்மால் கேப். அதோட ஒரு பழைய பாவமும் இருக்கு. 2008 ஜனவரி, சென்செக்ஸ் 21,000 தொட்ட நேரம், ஒரு இன்ஃப்ரா ஃபண்டு புதுசா வருது, யூனிட் 10 ரூபா, "10 ரூபாக்கு கெடைக்குது, சீப்பு"ன்னு ஒன்றரை லட்சம் போட்டேன், அப்ப இந்த தொழில்ல எனக்கு நாலு வருஷ அனுபவம், 10 ரூபாங்கறது வெறும் ஆரம்ப நம்பர்னு தெரியாதா, தெரியும், இருந்தும் போட்டேன். அக்டோபர்ல சென்செக்ஸ் 8,000க்கு கீழ எறங்குச்சு, என் யூனிட் 4 ரூபாக்கு வந்துச்சு. எவனும் என்ன ஏமாத்தல, எந்த ரூலும் என்ன தடுக்கல.

இன்னும் விக்கல. 10 ரூபாய தாண்டவே ரொம்ப வருஷம் ஆச்சு. அந்த 2008 ஸ்டேட்மெண்ட வீட்டம்மா ரேஷன் கார்டு போட்டு வச்சிருக்கற பிளாஸ்டிக் கவர்ல சேத்து வச்சிருக்காங்க. நான் சாப்புடுறப்ப "புதுசா ஒரு ஃபண்டு வந்திருக்கு"ன்னு ஆரம்பிச்சா பதில் எதுவும் பேச மாட்டாங்க, எழுந்து போய் அந்தக் கவர எடுத்துட்டு வந்து ரசம் கிண்ணத்துக்கு பக்கத்துல வச்சுட்டு போயிடுவாங்க.